சிவப்பே காட்டாத டெஸ்டை மெர்ஜ் செய்யாதீர்கள்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு வரும் நிரலை வரிவரியாகத் துருவுகிறவர்கள்கூட, வந்திருப்பது டெஸ்ட் என்றால் பச்சை டிக்கை மட்டும் பார்த்து மெர்ஜ் செய்துவிடுகிறார்கள். “டெஸ்ட்தானே, பயனர் கைக்கா போகப்போகிறது?” என்ற சமாதானத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நிரலில் உள்ள பிழையை என்றாவது ஒரு பயனர் வந்து சொல்வார். டெஸ்டில் உள்ள பிழையைச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். அதனால் டெஸ்டைத்தான் கூடுதல் கறாராக ரிவ்யூ செய்ய வேண்டும் என்கிறேன். கெடுபிடிக்காரன் என்று பெயர் வாங்கிய பிறகும் அதையே சொல்கிறேன்.

நம் தேனிப் பக்கத்து ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘போடிநாயக்கனூர்’ என்பதில் 8 எழுத்துகள் இருப்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பைத்தானின் லென் 14 என்று சொல்லும். துணைக்குறியையும் புள்ளியையும் யூனிகோட் தனித்தனிக் குறியீடாக வைத்திருப்பதுதான் காரணம். முதலில் வரும் ‘போ’வை ஓகாரக் குறி ஒன்றைக் கொண்டும் எழுதலாம்; ஏகாரக் குறி, கால் என்று இரண்டைக் கொண்டும் எழுதலாம். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோட் வரையறுக்கிறது. ஆனால் இரண்டாவது வகையில் எண்ணிக்கை 15 ஆகிவிடும். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குச் சிக்காது. ஓப்பன்-தமிழ் போன்ற நூலகங்களில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கத் தனிச் செயற்கூறு இருப்பது இதற்காகத்தான். எழுத்தெண்ணும் செயற்கூறு ஒன்றுக்கு டெஸ்ட் எழுதுகிறவர் அதை ஒருமுறை ஓட்டி, வந்த 14-ஐ அப்படியே ‘எதிர்பார்க்கும் விடை’யாக ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? எல்லாம் பச்சை. அடுத்து விஷயம் தெரிந்த ஒருவர் செயற்கூறைத் திருத்தி 8 வரவைக்கிறார். இப்போது டெஸ்ட் சிவப்பாகிறது, சரியான திருத்தம் ‘பழையதை உடைக்கிறது’ என்ற குற்றச்சாட்டோடு திரும்புகிறது. வேறு எந்தக் கவனக்குறைவும் ஒரு திட்டத்துக்கு இவ்வளவு சேதம் செய்து நான் பார்த்ததில்லை. தவறு தவறாகவே நிலைத்துவிடுகிறது, திருத்த வந்தவரும் அடுத்த முறை வருவதில்லை.

எனவே விடை எங்கிருந்து வந்தது என்பதே ரிவ்யூவின் முதல் கேள்வியாக இருக்கட்டும். அடுத்து, சோதிக்கப்படும் நிரலில் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்து ஓட்டுங்கள். டெஸ்ட் சிவப்பாகாவிட்டால் அது ஓட்டைச் சல்லடை. போடியில் 8 எம்.எம். ஏலக்காய் சலிக்கிறவர் கண்ணி கிழிந்த சல்லடையைக் கையில் எடுப்பாரா? பெயரிடல், இடைவெளி, வரி நீளம் எல்லாம் லின்டர் பார்த்துக்கொள்ளும். அதற்காகப் பங்களிப்பவரை அலைக்கழிக்காதீர்கள். இன்றைய தேதியை நம்பும் டெஸ்ட் வந்தால் மட்டும் நிறுத்திப் பாருங்கள். கம்பத்தில் உட்கார்ந்து நாம் வேலை செய்வது பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான். அப்போதிலிருந்து காலை 5.30 வரை, உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வருக்கு இன்னும் நேற்றைய தேதிதான். நம் லேப்டாப்பில் பச்சையாக இருப்பது அங்கே சிவப்பாகும்.

இவ்வளவு கறார் காட்டினால் தேனி மாதிரி ஊர்களிலிருந்து முதல் பங்களிப்போடு வரும் மாணவர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்று ஆட்சேபிக்கிறார்கள். அக்கறையில் எழும் ஆட்சேபம்தான். ஆனால் எதையும் ஏற்றுக்கொள்வதால் மாணவருக்கு என்ன கிடைக்கிறது? 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற பங்களிப்பு நிகழ்வில் டி-ஷர்ட்டுக்காகக் குப்பைப் பங்களிப்புகள் குவிந்தன. விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடுவழியில் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. காரணம் சொல்லித் திருப்பி அனுப்பும் ஒரு ரிவ்யூவில் மாணவர் கற்றுக்கொள்வது, கேள்வியில்லாமல் மெர்ஜ் ஆன பத்தில் கிடைக்காது. கவரேஜ் 90 சதவீதம் வந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். அந்த வரி ஓடியது என்பதை மட்டுமே கவரேஜ் சொல்லும். விடை சரியா என்று சொல்லாது. மேலே சொன்ன 14-க்கும் கவரேஜ் முழுதாகக் கிடைக்கும்.

சம்பளமில்லாமல் செய்கிறோம், இதற்கெல்லாம் நேரமேது என்பவர்களுக்கு: நேரமில்லை என்றால் நிரலை மட்டும் ஏற்றுக்கொண்டு டெஸ்டை நிறுத்தி வையுங்கள். ‘இங்கே டெஸ்ட் இல்லை’ என்று ஒரு இஷ்யூவும் திறந்து வையுங்கள். ‘போ’வின் இரண்டு வடிவங்களையும் அதிலேயே ஒட்டிவிட்டால், அடுத்து வருகிறவர் அங்கிருந்தே தொடங்கலாம்.