தெரிந்த சேதி கூடவே போகட்டும்



கோவளம் தொடங்கி சதுரங்கப்பட்டினம் வரை நம் கடலோரக் குப்பங்களில் கடலுக்குப் புறப்படுகிறவர் என்ன செய்வார்? கரைக்கு வந்தவரிடம், "காத்து எப்படி இருக்குது, நீரோட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொள்வார். ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பயன். பிரசவ விஷயமும் இப்படித்தான்.

நடந்த ஒரு சம்பவம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியில் கண்டது இது. ஏரிப் பாசனக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட பெண், தலைப் பிரசவம். அவ்வூர் கிராம சுகாதாரச் செவிலியர் இரத்த அழுத்தம் பார்த்தார். 140/90 இருந்தது. காலிலும் வீக்கம். அட்டையில் குறித்துக் கொடுத்து, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரம்மாகிட்ட காட்டும்மா" என்றார்.

மறுநாள் வளைகாப்பு. "முடிச்சிட்டுப் போவலாம்" என்றார்கள் வீட்டார். அன்று மாலையே பெண் கடலோரத்துத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அட்டை மாமியார் வீட்டுப் பீரோவிலேயே தங்கிவிட்டது.

பத்து நாள் கழித்துத் தலைவலி, கண் மங்கல். "வெயில் சூடு" என்று நெற்றியில் பத்துப் போட்டார்கள். நள்ளிரவில் கை கால் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதுக்கு முன்னாடி பி.பி. ஏறியிருந்துதா?" என்று கேட்டார். கணவர் சொன்ன பதில்: "தெரியலீங்க டாக்டர். அட்டை எங்க வூட்ல இருக்குது."

தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

சேதி தெரியாமல் இந்த நஷ்டம் வரவில்லை. அது ஒரு பதிவேட்டில் இருந்தது. ஓர் அட்டையில் இருந்தது. தேவைப்பட்ட இடத்தில்தான் இல்லை. குடும்பத்தை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பெண் ஊர் மாறுவதை அறிந்து, அந்த ஊர்ச் செவிலியருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியது எங்கள் கடமை.

சேதி எப்படி நகர்கிறது?

கிராமத்தில் துணை சுகாதார நிலையம். அதற்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையம். சிக்கலான பிரசவத்துக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரி. ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு ஆட்கள். இவர்களை இணைக்கும் கயிறு இரண்டு. ஒன்று, தாய் சேய் நல அட்டை. மற்றொன்று, கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரப்படும் 12 இலக்கப் பதிவு எண். நம் ஜனங்கள் 'பிக்மி நம்பர்' என்பார்களே, அதுதான். பதிவுகள் கணினியில் ஏறுகின்றன. ஆனால் நள்ளிரவில் அவசரமாக வந்து இறங்கும்போது, கையில் இருக்கும் அட்டைதான் முதலில் பேசும்.

அட்டையில் கவனிக்க வேண்டியவை

1. கடைசி மாதவிலக்குத் தேதி, பிரசவத்துக்குக் குறித்த தேதி.

2. இரத்த வகை. தாய் 'நெகட்டிவ்', பிறந்த குழந்தை 'பாசிட்டிவ்' என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு 'ஆன்டி-டி' ஊசி போட வேண்டும். தவறினால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து வரலாம்.

3. இரத்த அளவு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் சோகை. 7-க்குக் கீழே என்றால் கடுமையான சோகை.

4. இரத்த அழுத்தம். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

5. முன்பு ஆபரேஷன் பிரசவமா, அதிக உதிரப்போக்கு இருந்ததா என்ற விவரம்.

6. பிரசவத்துக்குப் பின் காப்பர்-டி போட்டிருந்தால், போட்ட தேதியும் வகையும். '380 ஏ' 10 ஆண்டுக்கு. '375' 5 ஆண்டுக்கு. வகை தெரியாவிட்டால் எப்போது எடுப்பது என்றும் தெரியாது.

இறப்பிலிருந்தும் பாடம்

தமிழ்நாட்டில் 1994 முதல் தாய்மார் இறப்புகளை ஆய்வு செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. வீட்டாரிடமும் ஆஸ்பத்திரியிலும் விசாரிப்பார்கள். முடிவெடுக்கத் தாமதமா, போய்ச் சேரத் தாமதமா, சிகிச்சை கிடைக்கத் தாமதமா என்று பார்ப்பார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலும் கூட்டம் நடக்கும். யாரையும் தண்டிப்பது நோக்கமல்ல. ஓர் ஊரில் கற்ற பாடம் மற்ற ஊருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். 1 லட்சம் பிரசவங்களில் உயிரோடு குழந்தைகள் பிறக்க, 2001-03-ல் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. பல முயற்சிகளின் பலன் இது. இந்த ஆய்வும் அதில் ஒன்று.

ஆகவே விசாரிக்க வருபவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் குறை கண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத சேதி எங்கள் ஏட்டில் ஏறாது.

கணவர்மார்களுக்கு

"அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்காதீர்கள். வலிப்பு வந்தவளால் பேச முடியாது. அவளுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் நர்சம்மாவிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மனைவி தாய் வீட்டுக்குப் புறப்படுமுன் இரண்டு ஊர்ச் செவிலியருக்கும் தகவல் சொல்லுங்கள். அவசரத்துக்கு 108.

இன்றிரவே கேட்டுப் பாருங்கள்

ஒருவரை ஒருவர் கேளுங்கள்: என்ன இரத்த வகை? கடைசியாகப் பார்த்த இரத்த அழுத்தம் எவ்வளவு? அட்டை இப்போது எங்கே? மூன்றுக்கும் இருவருக்கும் பதில் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் நாளைக் காலையே துணை சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.

தாய் போகும் இடமெல்லாம் அட்டையும் போகட்டும்!