200 பதிவுகள் வந்தால் தடுமாறும் ட்ரிகர்

சேல்ஸ்ஃபோர்ஸில் ஏபெக்ஸ் ட்ரிகர் (பதிவு சேமிக்கப்படும்போது தானாக ஓடும் நிரல்) எழுதுவோரிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: திரையில் ஒரு பதிவைத் திருத்தினால் சரியாக ஓடுகிறது, டேட்டா லோடரில் மொத்தமாக ஏற்றினால் ‘101 வினவல்கள்’ என்று பிழை வருகிறது. பதற வேண்டாம். பிழை வந்த தொகுதி சேமிக்கப்படாமல் திரும்பிவிடும். பழைய தரவு அப்படியே இருக்கும்.

ட்ரிகரிடம் 200 பதிவுகள் வரை ஒரே கட்டாக வந்து சேரும். அதே ஓட்டத்தில் அனுமதிக்கப்படும் வினவல்களோ 100தான். லூப்புக்குள் (பதிவுக்குப் பதிவு திரும்ப ஓடும் பகுதி) வினவல் இருந்தால் நடுவழியில் நின்றுவிடும். ட்ரை-கேட்ச் (பிழையைப் பிடித்துக் கையாளும் பகுதி) போட்டுச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வரம்பு மீறிய பிழை அதில் சிக்காது. லோடரின் தொகுதி அளவை 1 ஆக்குவதும் வைத்தியமல்ல. நாளை வேறொருவர் 200 வைத்து ஏற்றுவார்.

சரியான வழியை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். நிறுவனப் பதிவில் ஒரு புலத்தில் அதன் தொடர்பாளர்களின் பெயர்ப் பட்டியல் தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ட்ரிகர் தொடர்பாளர் பதிவுகள் மீது ஓடுகிறது. முதல் வேலை வடிகட்டுவது. ஓல்ட்மேப்போடு (திருத்தத்துக்கு முந்தைய பதிவுகள்) ஒப்பிட்டு, பெயரோ நிறுவனமோ மாறிய தொடர்பாளர் பதிவுகளை மட்டும் எடுங்கள். தொலைபேசி எண் மாறியதற்கெல்லாம் வினவல் எதற்கு? புதுப் பதிவுகளுக்கு ஓல்ட்மேப் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். பழைய நிறுவனம், புதிய நிறுவனம் இரண்டின் ஐடியையும் ஒரு செட்டில் (ஒன்றை இருமுறை ஏற்காத தொகுப்பு) சேருங்கள். பழையதை விட்டுவிட்டால் விலகிப்போனவர் பெயர் அங்கேயே கிடக்கும். நல் (வெற்று மதிப்பு) இருந்தால் நீக்குங்கள். பிறகு அந்தச் செட்டை வைத்து ஒரே வினவல்.

கிடைத்தவர்களை மேப்பில் (சாவிக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் தொகுப்பு) நிறுவனவாரியாகப் பிரிக்க வேண்டும். சத்தமில்லாத தவறு இங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியலை ‘புட்’ செய்தால் முந்தையது அழிந்துபோகும். பிழைச்செய்தி வராது, கடைசித் தொடர்பாளர் பெயர் மட்டும் மிஞ்சும். ‘கன்டெய்ன்ஸ்கீ’ கொண்டு சாவி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மட்டும் புதுப் பட்டியல். இருந்தால் அதிலேயே சேர்ப்பது.

இன்னொன்று. எல்லாத் தொடர்பாளர்களையும் இழந்த நிறுவனம் வினவலில் வராது, ஆகவே மேப்பிலும் இருக்காது. மேப்பின் சாவிகளைச் சுற்றினால் அதன் பழைய பட்டியல் அழியாது. சுற்ற வேண்டியது செட்டை. மேப்பில் இல்லாத நிறுவனத்துக்குப் பெயர்ப் பட்டியல் புலத்தைக் காலியாக்குங்கள். எல்லா நிறுவனங்களையும் ஒரே அப்டேட்டில் சேமியுங்கள்.

ஒரு பதிவை வைத்துச் சோதித்துவிட்டு அனுப்பாதீர்கள். சோதனை வகுப்பில் 200 தொடர்பாளர்களைச் சேருங்கள்; ஒரு நிறுவனத்தையாவது முழுதாகக் காலியாக்கிப் பாருங்கள்.