காற்றை அளக்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டும் சென்சாரும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கும் காற்றை அளக்க வேண்டும் என்று ஆர்வத்தோடு வருகிற இளையவர்கள் இப்போது அதிகம். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் கருவி ஓடத் தொடங்கியதுமே பாதிப் பேர் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் முதல் சந்தேகம் வந்ததும் கருவியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அந்த எண் உள்ளே எப்படி உண்டாகிறது என்பது தெரிந்தால், எப்போது அதை நம்பலாம் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

1. வாங்கும்போதே ஏமாறாதீர்கள். கரியமில வாயுவை உண்மையாக அளக்கும் சென்சார் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அளக்கிறது. எஸ்சிடி40, சென்ஸ்ஏர் எஸ்8, எம்எச்-இசட்19 எல்லாம் அந்த வகை. எம்க்யூ-135, சிசிஎஸ்811 போன்ற மலிவான சென்சார்களுக்குக் கரியமில வாயு தெரியவே தெரியாது. காற்றில் உள்ள வேறு ஆவிகளை உணர்ந்து, அதிலிருந்து ஓர் ஊகக் கணக்கைச் சொல்கின்றன. வீட்டில் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தால் இப்படிச் சோதியுங்கள்: சானிடைசர் தடவிய கையைச் சற்றுத் தள்ளிக் காட்டுங்கள். "கரியமில வாயு" திடீரென்று ஏறினால் அது ஊகக் கருவி. அதை வைத்து அறையின் காற்றோட்டத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

2. கருவி அடிக்கடி தானே அணைந்து எழுகிறதா? முதலில் யூஎஸ்பி கேபிளை மாற்றுங்கள். வைஃபை பேசும் நொடியில் இஎஸ்பி32 போர்டு அதிக மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லிய கேபிள் தாங்காது. வைஃபையே சேரவில்லை என்றால் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாது.

3. துகள் அளவு ஒரே எண்ணில் உறைந்து நின்றாலோ, எப்போதும் 0 காட்டினாலோ சென்சாரில் காதை வைத்துக் கேளுங்கள். பிஎம்எஸ்5003 போன்ற துகள் சென்சார்களில் ஒரு குட்டி விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது, லேசர் ஒளி துகள்மேல் பட்டுச் சிதறுகிறது, அந்தச் சிதறலை எண்ணித்தான் கணக்கு வருகிறது. விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும். தகவல் போகும் கால்களுக்கு 3.3 வோல்ட்தான். விசிறி சத்தம் இல்லையென்றால் மின்சாரத்தைப் பாருங்கள். சத்தம் இருந்தும் எண் வரவில்லையென்றால், அனுப்பும் வயரும் வாங்கும் வயரும் இடம் மாறியிருக்கும். பெரும்பாலும் இவ்வளவுதான் கோளாறு.

4. தரையிலிருந்து மூன்று முதல் ஐந்தடி உயரம், அதாவது நாம் உட்கார்ந்து மூச்சுவிடும் மட்டம், கருவிக்கு ஏற்ற இடம். அடுப்புக்கு மேலே, ஏசி காற்று நேராக அடிக்கும் சுவரில், வெயில் விழும் ஜன்னலோரத்தில், திரைச்சீலைக்குப் பின்னால் வைக்க வேண்டாம். குனிந்து முகத்தை அருகே கொண்டுபோய்த் திரையைப் படிக்காதீர்கள். உங்கள் மூச்சே கரியமில வாயுக் கணக்கை ஏற்றிவிடும்.

5. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். குழப்பம் அதிகம் பிறக்கும் இடம் இதுதான். அகச்சிவப்பு சென்சார்கள் நாளடைவில் தடம் விலகும். அதைத் தாமே சரிசெய்துகொள்ள, வாரத்தில் ஒரு முறையாவது வெளிக்காற்று தம்மேல் படும் என்று அவற்றில் பல எண்ணிக்கொள்கின்றன. அந்த நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று வைத்துக்கொள்ளும். வெளிக்காற்றில் இன்று 420-க்குச் சற்று மேல் இருப்பதால் அந்த வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஏசி அறையில் வைத்தால்? அங்கே மிகக் குறைந்த அளவே 600 ஆக இருக்கலாம். கருவி அந்த 600-ஐ 400 என்று பெயர்மாற்றிவிடும். அதன்பின் காட்டுவதெல்லாம் 200 குறைவு. அறை மோசமாக இருக்கும். திரை மட்டும் நல்ல சேதி சொல்லும்.

மருந்து எளிது. வாரம் ஒரு நாள் பிற்பகலில் கருவியை மொட்டை மாடிக்கோ காற்றோட்டமான பால்கனிக்கோ எடுத்துச் சென்று, வெயிலும் மழையும் படாமல், அரை மணி நேரம் ஓடவிடுங்கள். 400-க்கும் 450-க்கும் இடையில் வந்து நின்றால் நல்லது. அப்படி வெளியே கொண்டுபோக வழியில்லாதவர்கள் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, சில மாத இடைவெளியில் வெளிக்காற்றில் கையாலேயே அளவைத் திருத்துங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பிள்ளைகள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். இந்தச் சென்சார்கள் ஒளிப்பாதையில் வரும் மூலக்கூறுகளைத்தான் உணர்கின்றன. மெலிந்த காற்றில் குறைத்துச் சொல்லும். அமைப்பில் உயரத்தைக் குறிப்பிடும் வசதி இருந்தால் தவறாமல் குறிப்பிடுங்கள்.

6. துகள் சென்சார் ஈரத்தையும் தூசியாக எண்ணும். காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் துகள்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. லேசருக்கு அவை பெரிய துகள்களாகத் தெரிகின்றன. மார்கழிப் பனியில் சென்னையில் காலை எண் ஏறுவதில் இதற்கும் பங்கு உண்டு. இட்லிப் பானையைத் திறந்ததும் எகிறுவது முழுக்க ஆவித் துளிதான். பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். தாளிப்புப் புகை அப்படியல்ல, அடங்க நேரமாகும். எவ்வளவு வேகமாக எண் இறங்குகிறது என்பதைக் கவனித்தால் எது ஆவி, எது புகை என்று சில நாட்களிலேயே பிரித்தறிவீர்கள்.

உங்கள் கருவி மொத்தத்தில் சரியா என்று பார்க்க, ஆலந்தூர், வேளச்சேரி, மணலி போன்ற இடங்களில் உள்ள மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நிலையங்களில் உங்களுக்கு அருகில் உள்ளதன் எண்ணோடு, உங்கள் கருவியை வெளியே வைத்து ஒப்பிடுங்கள். ஒரு மணி நேரச் சராசரியோடு சராசரியை ஒப்பிட வேண்டும். எண் அச்சாகப் பொருந்தாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் போதும், கருவி நலம்.

7. வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். வைஃபை சில்லின் சூடு பெட்டிக்குள் தங்குகிறது. ஈரப்பதமும் அதனால் குறைவாகத் தெரியும். சென்சாரை போர்டிலிருந்து தள்ளிக் கீழே வையுங்கள். மீதியை அமைப்பில் கழித்துவிடுங்கள்.

8. செயலியில் வரும் ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) எந்த நாட்டுக் கணக்கு என்று பாருங்கள். ஒரு கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராம் நுண்துகள் (பிஎம் 2.5) என்பது இந்தியக் குறியீட்டில் 100-க்குள், "திருப்திகரம்". அதே காற்று அமெரிக்கக் கணக்கில் 150-ஐ ஒட்டி வரும். இதனால் வீட்டில் சண்டையே வந்திருக்கிறது. நான் சொல்வது, மைக்ரோகிராமையே பாருங்கள். 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 15. நம் வரம்பைத் தொட்டுவிட்டோம் என்று நிம்மதியடைய எனக்கு மனம் வரவில்லை, குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில். விஓசி (ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்) குறியீடு என்று ஒன்று வருமே, அதில் 100 என்பது உங்கள் வீட்டின் கடந்த ஒரு நாள் சராசரி மட்டும்தான். ஆபத்தின் அளவு அல்ல.

9. கருவியின் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். மணி, எண், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வீட்டின் புகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். பல வீடுகளில் தெருவைவிடக் கொசுவத்திச் சுருளும் சாம்பிராணியுமே மேலே நிற்கும். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலைக்கு மாறுங்கள் என்று வீட்டாரிடம் சொல்ல உங்கள் நோட்டே போதும். பாட்டியிடம் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லாதீர்கள். போடும்போது ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள், கேட்பார்.

படுக்கையறைக் கணக்கு வேறு. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கும் காற்றையே சுற்றிக் குளிர்விக்கிறது. கதவைச் சாத்தி மூன்று பேர் தூங்கினால் விடிவதற்குள் கரியமில வாயு 2000-ஐத் தாண்டுவது சாதாரணம். கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்தே எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். போகியன்று விடியற்காலையில் மட்டும் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். தெருவெல்லாம் புகை, கரியமில வாயு ஏறினாலும் ஜன்னல் சாத்தியே இருக்கட்டும். வெளியே துகள் இறங்கியதும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

10. நம் ஊரில் சென்சாருக்குப் பெரிய பகை எறும்பும் சிலந்தியும். காற்று நுழையும் துளையை மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் உள்ளே போகும்.

11. இந்தக் கருவி கார்பன் மோனாக்சைடை அறியாது. சமையல் எரிவாயுக் கசிவுக்கும் இதை நம்ப முடியாது. எல்லா எண்ணும் பச்சையில் இருக்கும்போதே அறை உயிருக்கு ஆபத்தாக இருக்கலாம். கேஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால் அதை வெளியே மாற்றச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கென்று உள்ள எச்சரிக்கைக் கருவியைத் தனியாக வாங்குங்கள். எரிவாயு வாசனை வந்தால் திரையைப் பார்க்க நிற்காதீர்கள். எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் 1906-ஐ அழையுங்கள்.