கருவி சொல்லும் சேதி யாருக்குப் போகிறது?

போன ஐப்பசி அடைமழையில், பூஞ்சணக்கொல்லி விற்கும் ஒருவர் போன் செய்தார். "சார், உங்க தோட்டத்துல ரெண்டு நாளா இலை காயலையே, அடிச்சாம்பல் வந்துடுமே, மருந்து அனுப்பட்டுமா?" ஏழு வருஷமாக ஒரு சொட்டு ரசாயனம் படாத முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சை அது. இலை காயவில்லை என்பது எனக்கும், பந்தலில் தொங்கும் இலை ஈரமானிக்கும்தான் தெரியும். இவருக்கு யார் சொன்னது?

சாயங்காலம் செயலியைத் துருவினேன். 'பங்குதாரர்களுடன் தகவல் பகிர' என்ற இடத்தில் டிக் விழுந்திருந்தது. கருவி மாட்ட வந்த தம்பி, "எல்லாத்துக்கும் ஓகே குடுங்க சார்" என்றார், கொடுத்துவிட்டேன். 34 வருஷம் வங்கியில் உட்கார்ந்து, 'படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க' என்று ஊருக்கே சொன்னவன் நான்!

ஈரமானி, மோட்டார் போடும் மொபைல் ஸ்டார்ட்டர், டிராக்டர் ஜிபிஎஸ் இவற்றில் பல, சிம் வழியாகக் கம்பெனியின் கணினிக்குத் தகவல் அனுப்புகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் அற்ப விஷயம். நம் பெயர், போன் நம்பர், தோட்டம் இருக்கும் இடத்தோடு சேர்ந்தால் கதையே வேறு. எந்த வாரம் அறுவடை என்பது வியாபாரிக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், விலை பேசும்போது நம் கை தாழ்ந்துதானே இருக்கும்?

வங்கியில் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தால் யாருக்கு, எதற்கு, எதுவரை என்று எழுதியாக வேண்டும். ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ள 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' முறையிலும் அப்படித்தான். கணக்கு விவரத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் காட்டும்முன் நோக்கமும் காலமும் சொல்லி நம் சம்மதம் கேட்க வேண்டும். நினைத்தால் ரத்து செய்யலாம். நடுவில் இருப்பவர் விவரத்தைத் திறந்து பார்க்கவும் முடியாது. தோட்டத்துக் கருவிக்கும் இந்த ஒழுங்கைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் நடைமுறையில் உள்ளது. இணையத்தோடு பேசும் கருவி எதுவானாலும், அதன் தகவலை வாங்கிக்கொள்ளவும், தான் விரும்பியவருக்குக் கொடுக்கச் சொல்லவும் பயன்படுத்துபவருக்கு உரிமை உண்டு. உழவு இயந்திரமும் அதில் அடக்கம். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அது. சம்மதக் கோரிக்கையைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். ஆனால் இது ஆளை அடையாளம் காட்டும் தகவலுக்குத்தான். பெயர் ஒட்டாத வெறும் ஈரக்கணக்கு இதில் வராது. அதனால், கருவி வாங்கும்போதே பேசிக்கொள்வதுதான் நமக்குப் பலம்.

பணம் கொடுக்கும்முன் கேளுங்கள்: தகவலை வேறு யாருக்குக் கொடுப்பீர்கள்? எனக்கு அதன் நகல் கிடைக்குமா? நான் விலகினால் அழிப்பீர்களா? பகிர மறுத்தாலும் கருவி வேலை செய்யுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள், போன் அமைப்பில் அந்தச் செயலிக்கு உள்ள அனுமதிகளைப் பாருங்கள். ஈரமானிக்கு நம் தொடர்பு எண்கள் எதற்கு?

நான் டிக்கை எடுத்துவிட்டு, 'பிறருக்குக் கொடுத்ததை நிறுத்துங்கள், அழியுங்கள்' என்று தமிழிலேயே மின்னஞ்சல் போட்டேன். பதினொரு நாள் கழித்து 'நிறுத்திவிட்டோம்' என்று பதில் வந்தது. அழித்தார்களா என்பதற்குப் பதில் இல்லை, மறுபடி எழுதியிருக்கிறேன். ஈரமானி பந்தலில்தான் தொங்குகிறது. இலை காயவில்லை என்று சேதி வந்தால் சூடோமோனாஸ் கரைக்கிறேன்.