பழைய முறுக்கு உரலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாணவர்களே, தீபாவளி நெருங்கும்போது பல வீடுகளில் பாட்டியின் பித்தளை முறுக்கு உரல் பரணிலிருந்து இறங்கும். பழைய பொருள் கடைகளிலும் அதைக் காணலாம். வாங்குவதற்கும் பயன்படுத்துவதற்கும் முன், நீங்கள் படித்த அறிவியலைக் கொண்டு அதைச் சோதித்துப் பாருங்கள்.

மாவைச் சிறு துளைகள் வழியே வெளியேற்றுவது அழுத்தம். அழுத்தம் = விசை ÷ பரப்பளவு. கையால் அமுக்கும் உரலின் குழாய் 5 செ.மீ. விட்டம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பளவு ஏறத்தாழ 20 சதுர செ.மீ. அதில் 200 நியூட்டன் விசை கொடுத்தால் சுமார் 1,00,000 பாஸ்கல் அழுத்தம் கிடைக்கும். விட்டம் 4 செ.மீ. என்றால் அதே விசைக்குச் சுமார் 1,60,000 பாஸ்கல் வரும். அகலமான உரலில் மாவு நிறையப் பிடிக்கும்; ஆனால் கை சீக்கிரம் வலிக்கும்.

திருகு உரல் வேறு வகை. கைப்பிடியின் நீளம் நடுவிலிருந்து 5 செ.மீ., ஒரு சுற்றுக்குத் தண்டு இறங்குவது 4 மி.மீ. என்று கொள்வோம். ஒரு சுற்றில் உங்கள் கை 31.4 செ.மீ. நகர்கிறது, தண்டோ 0.4 செ.மீ. மட்டுமே இறங்குகிறது. எனவே விசை கணக்கின்படி 78 மடங்காகப் பெருக வேண்டும். உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நான்கில் ஒரு பங்கு எஞ்சினாலும் ஏறத்தாழ 20 மடங்கு! அதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம்: பல சுற்றுகள் சுற்ற வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்பு; பூச்சு போனால் துருப்பிடிக்கும்.
2. திருகின் புரிகள் தேய்ந்திருந்தால் தண்டு ஆடும், அழுத்தும்போது வழுக்கும்.
3. தண்டின் வட்டுக்கும் குழாய்க்கும் இடைவெளி அதிகமானால் மாவு மேலே ஏறி வரும்.
4. உட்புறத்தில் பச்சைப் படலம் இருந்தால் அது செம்புச் சேர்மம். புளியிலுள்ள அமிலம் அதைக் கரைக்கும். தேய்த்துக் கழுவி நன்றாகத் துடையுங்கள். குழிகள் விழுந்திருந்தால் அந்த உரல் அலமாரிக்கு மட்டுமே.
5. பழைய பித்தளையில் சில வேளைகளில் ஈயம் கலந்திருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத உரலில் உணவு செய்ய வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு உரலே பாதுகாப்பானது.

பயன்படுத்தும்போது

மாவை இடைவெளியின்றி அடைத்து நிரப்புங்கள். உள்ளே சிக்கிய காற்று அழுத்தத்தில் சுருங்கி, துளையை அடைந்ததும் சட்டென வெளியே பாயும். கொதிக்கும் எண்ணெய்க்கு மேல் நேராகப் பிழிந்தால் அப்போது எண்ணெய் தெறிக்கலாம். ஆகவே முதலில் தட்டில் அல்லது கரண்டியின் பின்புறத்தில் பிழிந்து, பிறகு பெரியவர் துணையுடன் எண்ணெயில் மெல்ல இடுங்கள். பித்தளை வெப்பத்தை நன்கு கடத்தும். அடுப்பின் மேல் பிடித்திருந்தால் உரலும் சூடாகும்.

மாவு வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், புரி தேய்ந்துவிடும். மாவில் சிறிது தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். வேலை முடிந்ததும் உடனே கழுவி உலர்த்துங்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டு உரலின் குழாய் விட்டத்தை அளந்து பரப்பளவைக் கண்டறியுங்கள். 150 நியூட்டன் விசைக்கு எத்தனை பாஸ்கல் அழுத்தம் கிடைக்கும்?