கண்ணுக்கும் ஒரு தராசு
(சிறுவர் சித்திரப் பாடம்)

சித்திரத்துக்கும் எடை உண்டு. பெரிய உருவம் கனம். கறுத்த நிறம் கனம். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கலாம்.

மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸில் உள்ள கம்போங் கிலிங் பள்ளிவாசலையே பாடமாக எடுப்போம். இந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1748இல் மரத்தால் கட்டிய இப்பள்ளி, 1872இல் செங்கல்லால் திரும்பக் கட்டப்பட்டது. குப்பா கிடையாது, மூன்றடுக்குக் கூரை. மினாரா தனியே ஒருபுறம் நிற்கும்.

கறுப்புக் காகிதத்தை இரண்டாக மடித்து, கூரையின் பாதி வடிவை மடிப்பை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். விரித்தால் இருபுறமும் ஒன்றே. இது இரட்டைத் தட்டுத் தராசு.

அடுத்து, வெள்ளைத் தாளில் அக்கூரையைச் சற்று இடப்பக்கமாக ஒட்டி, ஒடுக்கமான மினாரா ஒன்றை வெட்டி வலப்பக்கம் வைக்கட்டும். கூரையருகே வைத்தால் படம் இடப்பக்கம் சாய்ந்தாற்போல் தோன்றும்; தள்ளத் தள்ள ஓரிடத்தில் நிமிரும். அங்கே பசை தடவலாம். இது தூக்குக்கோல். கோலின் நுனிக்கு நகர்ந்த சிறு குண்டு பெரிய மூட்டைக்கு ஈடாகிறதல்லவா?

அந்த இடத்தைத் தாங்கள் காட்டிவிடாதீர்கள். பிள்ளை எட்ட நின்று பார்த்துத் தானே கண்டுபிடிக்கட்டும். ஒன்றுபோல் இருப்பவைதாம் சமம் என்பதில்லை, வேறுபட்டவையும் சமமாய் நிற்கும் என்பதை அதன் கண்ணே அதற்குச் சொல்லும்.