கிணறு கெட்டால் யார் தலையில் செலவு?

கேள்வி: ஊருக்குத் தண்ணீர் தரும் கிணறுகளில் ரசாயனம் கலந்துவிட்டால் நகராட்சி என்ன செய்ய முடியும்? மூடிவிட வேண்டியதுதானா?

பதில்: மூடுவது முதல் வேலை, அவ்வளவுதான். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரத்துக்கு 1996-ல் இந்தச் சோதனை வந்தது. கிணறுகளில் எம்டிபிஇ கலந்திருந்தது. பெட்ரோல் நன்றாக எரியட்டும் என்று சேர்த்த பொருள் அது. பெட்ரோல் பங்க்குகளில் புதைத்திருந்த தொட்டிகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கசிந்து நிலத்தடிக்குப் போயிருந்தது. பெட்ரோலில் உள்ள மற்றவை ஓரளவு மண்ணில் ஒட்டிக்கொள்ளும். இது தண்ணீரில் கரைந்து அதோடே ஓடிவிடும். துளி கலந்தாலும் டர்பன்டைன் வாடை அடிக்கும். வாயில் வைக்க முடியாது.

கிணறுகளை மூடியதும் நகரின் குடிநீரில் ஏறக்குறையப் பாதி போயிற்று. கொலராடோ ஆற்றிலிருந்தும் வட கலிஃபோர்னியாவிலிருந்தும் கால்வாய் வழியாக வரும் நீரை விலைக்கு வாங்கிச் சமாளித்தார்கள். வசதியான ஊர், முடிந்தது.

நான் மெச்சுவது அடுத்த காரியத்தை. எண்ணெய் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டு, இழப்பீடு வாங்கி, சுத்திகரிப்பில் இறங்கினார்கள். கரித்துகள் நிரப்பிய பெரிய தொட்டிகள் வழியாகக் கிணற்று நீரைச் செலுத்தினால் ரசாயனம் கரியில் தங்கிவிடும். ஆனால் எம்டிபிஇ கரியில் லேசில் ஒட்டாது; அதனால் கரியை அடிக்கடி மாற்ற வேண்டும். கம்பெனிகளிடமிருந்து பணம் வராமல் இருந்திருந்தால் இந்தச் செலவு குடிநீர்க் கட்டணத்தில்தான் விடிந்திருக்கும். முக்கியக் கிணறுகள் மறுபடி ஓடத் தொடங்கியபோது 2010 முடியும் தறுவாய்.